கிலோமீட்டர் 112 முதல் 143 வரை

மெச்கா ரேக்கா
14 அக்டோபர் 1999

ஒக்னியான்,

நேற்று சோபியாவிலிருந்து, உங்கள் சுகாதார அமைச்சகத்தின் உறை வந்தது. உள்ளே ஆம்புலன்ஸ் நிலையங்களின் புது வரைபடம். கீழ் மூலையில் சிறிய எழுத்தில் உன் பெயர். என் தம்பி பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று டிரைவர் பென்கோ அண்ணனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாலைக்கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். "எல்லாம் அழகாத்தான் இருக்கு. நம்மளத்தான் காணோம்" என்றார்.

நாங்கள் இல்லை. 128ஆம் கிலோமீட்டரில் எங்கள் ஆம்புலன்ஸ் நிலையம் இருக்கும் இடத்தில் வெறும் கோடு. புதிய நிலையம் 165இல், நகரத்து வாசலில், பெட்ரோல் பங்கை ஒட்டி. அங்கிருந்து மாவட்ட மருத்துவமனை ஐந்து கிலோமீட்டர். நொண்டிக்கொண்டு போனாலும் போய்ச் சேரலாம். மார்ச் 31ஆம் தேதியோடு மெச்கா ரேக்கா நிலையம் மூடப்படும் என்று உறையில் இன்னொரு தாள் சொல்கிறது.

உன் படத்தில் 112இலிருந்து 143 வரை, கணவாய் முழுவதும், வெள்ளையாக இருக்கிறது. ஐந்து வருடத்தில் மரணம் பூஜ்ஜியம். ஒக்னியான், அந்த முப்பத்தொரு கிலோமீட்டரில் செத்தவர்கள் பெயரில் கட்டிய தண்ணீர்க்குழாய்களே பதினொன்று இருக்கின்றன. கல்லில் போட்டோ பதித்து, பிறந்த தேதியும் செத்த தேதியும் வெட்டிய குழாய்கள். வழிப்போக்கருக்குத் தாகம் எடுக்கும் என்றா கட்டினார்கள்? ஜெர்மனியில் வண்டியெடுத்து இரண்டு நாள் தூங்காமல் துருக்கிக்கு ஓட்டுகிறவர்கள் ஆகஸ்டில் எங்கள் வளைவுகளில்தான் கண்ணை மூடுகிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காத லாரிகள் எங்கள் இறக்கத்தில்தான் உருளுகின்றன. உனக்கு எங்கே தெரியும்? நீ ஊருக்கு வந்தால்கூட ரயிலில் வருகிறாய்.

போன் செய்யவில்லை. நிலையத்தில் ஒரு லைன்தான். அதைச் சண்டைக்குப் பிடித்து வைத்திருந்தால் அந்த நேரம் பார்த்து எவனாவது கூப்பிடுவான். எழுதுகிறேன். எழுத்திலேயே பதில் சொல்: உன் பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது?

ஸ்லாதினா


சோபியா
22 அக்டோபர் 1999

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. எதிர்மேசைக்காரன், "என்னய்யா, வீட்ல எழவா?" என்று கேட்டான்.

நான் குழாய்களை எண்ணவில்லை. தாள்களை எண்ணினேன். எல்லா ஆம்புலன்ஸ் நிலையங்களிலிருந்தும் ஐந்து வருட அழைப்புத் தாள்கள் மூட்டை மூட்டையாக வந்தன. போலீஸ் பதிவு கேட்டோம். வேறு அமைச்சகம், தரமாட்டார்கள். ஆகவே இருப்பதை வைத்துக் கணக்கிட்டோம். இருபத்திரண்டு இடங்களில் நிலையம் வேண்டும். பதினைந்துக்குத்தான் ஆளும் வண்டியும் உண்டு. எங்கே வைத்தாலும் வேறெங்கோ ஒருவன் சாவான். அது யார் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. இதை நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

இப்போது உன் கேள்வி. உங்கள் தாள்களில் 'விபத்து நடந்த இடம்' என்ற கட்டத்தில் 'சாலையில்' என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கிலோமீட்டர்? இல்லை. ஒரு தாளில்கூட இல்லை. இடம் இல்லாத தாள்களுக்கு 'மரணம் நிகழ்ந்த இடம்' என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வது என்று வைத்திருந்தோம். உங்கள் நிலையத்தில் மரணத் தாள் பத்தொன்பது. பத்தொன்பதிலும் 'மாவட்ட மருத்துவமனை, கொண்டு சேர்த்த பின்' என்று எழுதியிருக்கிறது. உன் கையெழுத்து. உன் பெயரின் முதல் எழுத்துக்கு நீ போடும் வாலை எனக்குத் தெரியாதா?

மருத்துவமனை இருப்பது 170இல். புள்ளிகள் அங்கே விழுந்தன. நிலையம் அவற்றுக்குப் பக்கத்தில் போனது. கணினிக்கு இதில் சந்தேகம் எதுவும் வராது. எனக்கு வருகிறது. அந்தப் பழைய வண்டியில், கணவாயைத் தாண்டி ஐம்பது நிமிடம். நசுங்கிய பத்தொன்பது பேரும் வழியெல்லாம் உயிரோடு இருந்து, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும்தான் செத்தார்களா?

ஒக்னியான்


மெச்கா ரேக்கா
8 நவம்பர் 1999

ஒக்னியான்,

உன் கடிதம் இரண்டு வாரம் அலமாரியில் கிடந்தது. பென்கோ அண்ணன் தினமும் கேட்பார், "தம்பிக்குப் பதில் போட்டாச்சா?" என்று. நான் பேச்சை மாற்றுவேன்.

சொல்கிறேன். நீ அதிகாரியாகப் படிக்காதே.

94ஆம் வருடம் ஆகஸ்டில், உங்கள் ஐந்து வருடக் கணக்கு தொடங்குவதற்குச் சற்று முன், 131இல், ஒரு பள்ளி ஆசிரியை. நாங்கள் போனபோதே போய்விட்டாள். சட்டம் உனக்குத் தெரியும்: சாலையில் செத்தவரை விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை நகர்த்தக் கூடாது. அதிகாரி நகரத்திலிருந்து வர வேண்டும். அவருக்கு வண்டி கிடைக்க வேண்டும். ஆறு மணி நேரம் அந்தப் பெண் உருகும் தாரில் கிடந்தாள். புருஷன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நாய்களை விரட்டிக்கொண்டிருந்தான். கடந்து போன கார்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டு, போயின.

திரும்பி வரும்போது பென்கோ அண்ணன் சொன்னார்: "இனிமே நம்ம ரோட்ல ஒருத்தரும் கெடக்கக் கூடாது, ஸ்லாதினா. நீ மாஸ்க்க மாட்டு. நான் சைரன் போடறேன். மிச்சத்த ஆஸ்பத்திரி பாத்துக்கட்டும்."

அப்படித்தான் செய்தோம். நான் டாக்டர் இல்லை, ஃபெல்ட்ஷர். டாக்டர் வராத இடங்களுக்கு அனுப்பப்படுகிறவள். செத்தாரா என்று சொல்லும் உரிமை எனக்கு அரைகுறையாகத்தான் உண்டு. அந்த அரைகுறையைப் பயன்படுத்திக்கொண்டேன். செத்தவர்களுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டி, கை நாடியைப் பிடித்தபடி, ஐம்பது நிமிடம் அவர்களோடு உட்கார்ந்து போனேன். பத்தொன்பது பேர். கிலோமீட்டர் எழுதவில்லை, எழுதினால் எவனாவது போய் ரத்தத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடுவான். ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை வாங்கிக்கொள்ளும் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்.

நேற்று முன்தினம் ஆன்மாக்களின் சனிக்கிழமை. குடும்பங்கள் இறந்தவர்களுக்குப் படைக்க வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்துக்கொண்டு குழாய்களுக்கு வந்தார்கள். 119இல் வெலிகா அம்மா. அவள் மகன் ஸ்பாஸ் அந்தப் பத்தொன்பதில் ஒருவன், கொத்தனார், இருபத்தாறு வயது. என் கையில் ஒரு கரண்டி கோதுமையை வைத்து, ஒவ்வொரு வருடமும் கேட்பதையே கேட்டாள்: "ஆஸ்பத்திரிக் கட்டில்லதானே கண்ண மூடினான்? வெள்ளத் துணியிலதானே?" ஆமாம் என்றேன். ஐந்தாவது முறை.

உன் பூஜ்ஜியம் இதுதான். நான்தான் போட்டேன். எங்கள் ரோட்டில் யாரும் கிடக்கக் கூடாது என்று நாங்கள் பட்ட பாடு, எங்கள் ரோட்டில் யாருமே சாகவில்லை என்று உங்கள் தாளில் விழுந்திருக்கிறது.

ஸ்லாதினா


சோபியா
15 நவம்பர் 1999

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

இதைத் திருத்தலாம். டிசம்பர் 10 வரை ஆட்சேபங்களை ஏற்கிறார்கள். ஆனால் என் வாய்ப்பேச்சு போதாது. ஒவ்வொரு தாளுக்கும் கிலோமீட்டர், எந்த நிலையில் கண்டாய் என்பது, கீழே உன் கையெழுத்து. பத்தொன்பது புள்ளிகளும் 170இலிருந்து கிளம்பிக் கணவாய்க்குள் வந்து விழுந்தால் அந்த வெள்ளைப் பகுதி முழுக்கச் சிவப்பாகிவிடும். மூட முடியாது. யாராலும் முடியாது.

உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொய்ப் பதிவு, உடலை நகர்த்தியது. உரிமம் போகலாம். பென்கோவுக்கு ஓய்வூதியத்துக்கு எத்தனை வருடம் பாக்கி?

எழுது என்று நான் சொல்லவில்லை. எழுதினால் நிலையம் நிற்கும் என்று மட்டும் சொல்கிறேன். நீயில்லாத நிலையமாக இருந்தாலும் அது நிற்கும்.

ஒக்னியான்


மெச்கா ரேக்கா
1 டிசம்பர் 1999

ஒக்னியான்,

இதோடு நான்கு பக்கம் இணைத்திருக்கிறேன். பத்தொன்பது பேர், கிலோமீட்டர், தேதி. ஒருவரைக்கூட யோசித்து எழுத வேண்டியிருக்கவில்லை.

பென்கோ அண்ணன் பெயரை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் அடுப்பில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"அப்ப வண்டிய யாரு ஓட்டினது? நீயா? உனக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராது."

"அண்ணே, உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு."

"ரெண்டு வருஷம் கழிச்சு நான் இந்த ஊர்லதான இருக்கப் போறேன். நெஞ்சு வலிச்சா யாரக் கூப்பிடறது, உன் தம்பியோட கம்ப்யூட்டரையா? பேர எழுது. ரெண்டு பேரும் சேந்துதான தூக்கினோம்."

எழுதினேன். அவர் மிளகாய்க் கையோடு கையெழுத்துப் போட்டார். மூன்றாம் பக்கத்தில் உள்ள கறை அதுதான்.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. இந்த ஐந்து வருடத்தில் நாங்கள் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். எட்டு நிமிடத்தில் போய் ரத்தத்தை அடைத்தோம், மூச்சுக்குழாயைத் திறந்தோம், அவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். உங்கள் தாளில் அவர்கள் எல்லோரும் 'காயம்'. விரலில் கண்ணாடி கிழித்தவனும் 'காயம்'. பிழைத்தவனுக்கு உங்களிடம் கட்டமே இல்லையே, ஏன்? செத்தவனைக் காட்டித்தான் எங்கள் வேலையை நிரூபிக்க வேண்டுமா?

காட்டுகிறேன். எடுத்துக்கொள்.

ஸ்லாதினா


சோபியா
21 ஜனவரி 2000

அக்கா,

போனில் சொல்ல முயன்றேன். பென்கோ எடுத்தார். "அவசரமா? இல்லேன்னா வைங்க" என்றார். வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரிதான். இதில் இனி அவசரம் இல்லை.

உன் நான்கு பக்கத்தையும் நானே கணினியில் ஏற்றினேன். பத்தொன்பது புள்ளிகளும் கணவாய்க்குள் வந்து விழுந்தன. திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன் அக்கா. அச்செடுத்து எங்கள் தலைவர் மேசையில் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. "உங்க அக்கா தைரியசாலி" என்றார். பிறகு விதிமுறைத் தாளை எடுத்து ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார்: 'ஆம்புலன்ஸ் வந்து சேரும்போதே உயிரில்லாதவரை எந்த நிலையமும் காப்பாற்ற முடியாது, ஆகவே அவரை எந்த நிலையத்தின் தேவைக் கணக்கிலும் சேர்க்கலாகாது.'

"பத்தொன்பது பேரையும் போய்ச் சேரும்போதே உயிரில்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. எட்டு நிமிஷத்துல போயும் ஒருத்தரையும் காப்பாத்த முடியலைன்னா, அந்த நிலையம் அங்க எதுக்கு, ஒக்னியான்?"

புள்ளிகள் கணக்கிலிருந்து போய்விட்டன. கணவாய் மறுபடி வெள்ளை. முன்பு யாரும் சாகாததால் நிலையம் தேவையில்லை. இப்போது எல்லோரும் ஏற்கெனவே செத்திருந்ததால் தேவையில்லை. 165 மட்டும் அப்படியே நிற்கிறது. அங்கே இடம் வாங்கிவிட்டார்கள், சுவரும் எழுப்பியாயிற்று.

நீ கேட்ட நாற்பது பேரைப் பற்றிச் சொன்னேன். "தாள்ல இருக்கா?" என்றார். இல்லை.

உன் வாக்குமூலத்தைச் சட்டப்படி அரசு வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கையும் போகிறது: இறந்தவரை எக்காரணம் கொண்டும் நகர்த்தக் கூடாது, மீறினால் உடனடிப் பணிநீக்கம்.

இன்னொன்றையும் நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விதிமுறை வரி என்னுடையது. போன மார்ச்சில் நான் எழுதினேன். சரியான வரி என்று பாராட்டினார்கள். எழுதினால் நிலையம் நிற்கும் என்று உனக்குச் சொன்ன அன்றும் அது என் மேசையில்தான் கிடந்தது. எனக்குத் தோன்றவில்லை. உன் ரோட்டையும் அந்த வரியையும் நான் சேர்த்தே நினைத்துப் பார்க்கவில்லை.

ஒக்னியான்


மெச்கா ரேக்கா
16 ஏப்ரல் 2000

ஒக்னியான்,

ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு நீ போட்ட மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. இதையும் உனக்குப் பதிலாக எழுதவில்லை. யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டும். விலாசம் தெரிந்த ஆள் நீதான்.

பிப்ரவரியில் என்னை நிறுத்தினார்கள். பென்கோ அண்ணனை அதற்கு அடுத்த வாரம். அவர் வண்டியைக் கழுவித் துடைத்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். இப்போது மருமகனோடு விறகு ஏற்றுகிறார். வழியில் பார்த்தால் தலையாட்டுகிறார். நின்று பேசுவதில்லை.

பத்தொன்பது குடும்பங்களுக்கும் அரசு வழக்கறிஞரிடமிருந்து தாள் போயிற்று. சிலர் என்னைப் பார்த்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள். வெலிகா அம்மா மட்டும் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "உன்னைத் திட்ட வரல. என் புள்ளய நெனைக்கறதுக்கு எனக்கு ஒரு கட்டில் இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்டியே" என்றாள். போய்விட்டாள். நிலையம் நிற்கும் என்பதற்காக எழுதினேன் என்றா சொல்வது? நிலையத்துக் கதவில் பூட்டு தொங்குவது அவள் வரும் வழியில்தானே இருக்கிறது.

போன புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கடைக்காரன் ஓடி வந்தான். 131இல் மோதல், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாயிற்று என்றான். பழக்கத்தில் பையைத் தேடினேன். பை நகரத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஏழு நிமிடம்.

சிறிய கார். பின்சீட்டு முழுக்கத் தக்காளி நாற்று. ஐம்பது வயது ஆள், பெயர் மெதோதி. அவர் உயிரோடு இருந்தார், ஒக்னியான். கண் திறந்திருந்தது. "தூங்கல, சத்தியமா தூங்கல. லாரிதான் குறுக்க வந்துச்சு" என்று என்னிடம் நியாயம் சொன்னார். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. என் சால்வையை மடித்துத் திணித்து, முட்டியை ஊன்றி முழு எடையோடு அழுத்தினேன். பையும் அதிலிருந்த கட்டும் பட்டையும் இருந்திருந்தால், ஒரு பாட்டில் திரவம் ஏற்றியிருந்தால், கொண்டுபோயிருப்போம். நாற்பது பேரில் எத்தனையோ பேரை இதைவிட மோசமாகக் கண்டு கொண்டுபோயிருக்கிறோம். பெல்ட் கேட்டேன். கடைக்காரன் இடுப்பில் கயிறுதான் இருந்தது. அதையும் கட்டினேன். அவர் மனைவி கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அவர் செருப்பைத் திரும்பத் திரும்ப மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் என் முட்டிக்குக் கீழே துடிப்பு நின்றது. உன் 165இலிருந்து ஆம்புலன்ஸ் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் வந்தது. புது வண்டி, நல்ல வண்டி. இளம் டாக்டர், மரியாதைக்காரன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். நேரத்தையும் கிலோமீட்டரையும் எழுதினான். 'வரும்போதே உயிரில்லை' என்று எழுதினான். அது பொய் இல்லை. ஆகவே உன் வரிப்படி மெதோதியும் எந்த நிலையத்தின் கணக்கிலும் வரமாட்டார். இந்தத் தாள் உன் மேசைக்கு வரும்போது கணவாயில் நிலையம் தேவையில்லை என்பதற்கு அது இன்னொரு சாட்சி.

"வண்டியில ஏத்துங்கப்பா, வெயில் வருது" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "முடியாதுக்கா. ஜனவரியில புது உத்தரவு வந்திருக்கு. இங்க யாரோ ஒரு ஃபெல்ட்ஷர் பண்ணின வேலை."

ஒரு விரிப்பைப் போர்த்திவிட்டு அடுத்த அழைப்புக்குப் போனார்கள். விசாரணை அதிகாரி வர மாலை ஐந்தாயிற்று. அதுவரை நானும் அந்தப் பெண்ணும் சாலையில் உட்கார்ந்திருந்தோம். காற்றில் விரிப்பு தூக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தோம். கார்கள் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டு, போயின.

மூன்று மணிவாக்கில் அவள் கேட்டாள்: "ஏன் இவர விட்டுட்டுப் போனாங்க?"

எனக்குத் தெரியும். விரிப்பின் முனையை இழுத்துவிட்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். நகம்வரை ரத்தம் காய்ந்திருந்தது. "நீங்க ஆம்புலன்ஸ்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, இந்த ஊர்க்காரி" என்றேன்.

ஸ்லாதினா